பாடத்துக்குப் புறம்பான பேச்சு

வண்டி இன்னும் ஒரு மணி நேரம் தாமதம்னு மைக்குல அந்தப் பொம்பள சொல்லி முடிச்சுட்டா. தமிழ்ல சொன்னா, இந்தில சொன்னா, இங்கிலீஷ்ல சொன்னா, மூணுலயும் வருந்துகிறோம்னுதான் சொன்னா, ஆனா மூணுலயும் வருத்தம்னு ஒரு பொட்டு கெடயாது. சேலம் ஜங்ஷன்ல, சுத்தாத ஃபேனுக்குக் கீழ ஒரு பெஞ்சுல ஒக்காந்திருந்த தமயந்திக்கு அதக் கேட்டதும் நெஞ்சு கொஞ்சம் லேசாச்சு. மடியில பொன்னாட, கண்ணாடித் தாள் போட்டு வெச்சது. பக்கத்துல லேப்டாப் பை. பதினோரு மணிக்கு யுனிவர்சிட்டில அவளுக்கு வைவா, தீசிஸுக்கு வாய்மொழிப் பரீட்ச. ஏழு வருசமா இழுத்த பிஎச்டி இன்னிக்கு முடியணும். சென்னையிலேர்ந்து வர்ற வெளித் தேர்வாளர் தேவசகாயம் சார இறக்கிக் கூட்டிட்டுப் போகத்தான் அவ இங்க வந்து ஒக்காந்திருக்கா. அது ஒரு மொறை, எழுதி வெக்காத மொறை. பரீட்ச எழுதறவளே பரீட்ச வெக்கறவர ஸ்டேசன்ல போய்க் கூப்பிடணும், பொட்டியத் தூக்கணும், காப்பி வாங்கித் தரணும், அவரு என்ன சாப்புடுவாரு என்ன சாப்புட மாட்டாருன்னு முந்தின வருசத்துக்காரங்ககிட்டக் கேட்டு வெச்சுக்கணும். தேவசகாயம் சார் வெங்காயம் தொடமாட்டாராம். அத மூணு பேர் மூணு தடவ சொல்லிட்டாங்க. அவ தீசிஸ்ல என்ன எழுதியிருக்கான்னு ஒருத்தரும் கேக்கல, வெங்காயத்தத்தான் கேட்டாங்க. போன வருசம் ஞானசேகரன் வைவாவுல, பாவம், குருமாவுல என்ன விழுந்துச்சோ, வந்த பெரியவரு மொதக் கேள்வி கேட்டதுமே எந்திரிச்சு ஓடி, திரும்பி வந்து ஒக்காந்து, ரெண்டாவது கேள்விக்கு மறுபடி ஓடி, மூணாவது கேள்வியே கேக்காம கையெழுத்துப் போட்டுட்டாராம். டிபார்ட்மெண்டே ஒரு மாசம் சிரிச்சுச்சு. அந்த மாதிரி எனக்கும் ஏதாவது ஆயிடக் கூடாதான்னு இப்ப தமயந்தி நெனச்சா. குருமா கெடட்டும், கரண்ட் போகட்டும், ஸ்பீக்கர் எரியட்டும். அந்தப் புள்ளையோட குரல் மட்டும் அந்த ஹால்ல கேக்காம இருந்தாப் போதும்.

ஏன்னா அந்த ஹாலுக்கு மாதம்மா வர்றேன்னு சொல்லியிருக்கா. மாதம்மாங்கறது அந்தப் புள்ளயோட அம்மா. புள்ள பேரு காவேரி. ஆனா தீசிஸ்ல அவளுக்குப் பேரு கெடயாது, மாணவி ஏழு. பேரப் போடக் கூடாதுன்னு விதி. வகுப்புல பதிவு பண்ணின ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு நம்பர், வாயத் தொறந்த வரிசப்படி. காவேரி ஏழாவதா வாயத் தொறந்தா, அவ்வளவுதான் காரணம். தமயந்தி செஞ்ச ஆராய்ச்சி என்னன்னா, இங்கிலீஷ் வகுப்புல புள்ளைங்க எப்பெப்ப தமிழுக்குத் தாவுதுங்க, எதுக்காகத் தாவுதுங்கன்னு பாக்கறது. மொரப்பூர் பக்கம் ஒரு ஊர்ல, அரசாங்கப் பள்ளிக்கூடம், ஒம்பதாங் கிளாஸ். பொங்கலுக்கு அப்புறம் ஆரம்பிச்சு முழுப் பரீட்ச வரைக்கும், வாரத்துக்கு ரெண்டு நாள் போயி கடைசி பெஞ்சுல ஒக்காந்துக்குவா. பாக்கறவ எப்பிடி இருக்கணும்னு அவ கைடு வசுந்தரா மேடம் சொல்லிக் குடுத்திருந்தாங்க. செவுரு மாதிரி இருக்கணும். பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, சொல்லித் தரக் கூடாது, ஒரு புள்ள அழுதாலும் எந்திரிச்சுப் போகக் கூடாது, நீ எந்திரிச்சா அந்த வகுப்பு அந்த வகுப்பா இருக்காது. சரின்னு தமயந்தியும் செவுரு மாதிரிதான் இருந்தா. நல்ல செவுரா இருந்தா. இங்கிலீஷ் எடுக்கற ஜெபமணி டீச்சர் மொத வாரம் பூரா பட்டுப்பொடவ கட்டிக்கிட்டு வந்தாங்க, குரல் மட்டுந்தான் பதிவாகுது டீச்சர்னு சொல்லியும் கேக்கல, குரலுக்கும் ஒரு மரியாத இருக்குல்லம்மான்னாங்க. புள்ளைங்களும் அப்பிடித்தான், ஜன்னல் கட்டையில வெச்ச சின்ன ரிக்கார்டரப் பாத்துப் பாத்துப் பேசுச்சுங்க, ஒரு பய அதுங்கிட்டப் போயி குட்மார்னிங் சொன்னான். ரெண்டாவது வாரம் பாதி மறந்துச்சுங்க. மூணாவது வாரம் அது செவுத்துல ஒட்டின பல்லி மாதிரி ஆயிருச்சு. அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கணும். புள்ளைங்க மறக்கற நாள்லேர்ந்துதான் நெசமான பேச்சு வரும். அதப் பிடிக்கணும். அப்பிடித்தான் அவ பிடிச்சா.

டீக்காரன் ஒருத்தன் டீ டீன்னு மூக்கால சொல்லிக்கிட்டே போனான். ஒண்ணு வாங்கினா. வாய்கிட்டக் கொண்டு போனதும் இஞ்சி வாட அடிச்சுது, ஜெபமணி டீச்சர் வீட்டு டீயும் இஞ்சி டீதான், அந்த டீயக் குடிச்சுக்கிட்டேதான் அந்தச் சேதியக் கேட்டா. அப்ப தீசிஸ் கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு. தலைமையாசிரியர்கிட்ட ஒரு கையெழுத்து பாக்கின்னு மறுபடி அந்த ஊருக்குப் போயிருந்தா. டீச்சர் வீட்டுக்குக் கூப்பிட்டாங்க, முறுக்கு வெச்சாங்க, மருமக சரியில்லன்னு ஆரம்பிச்சாங்க, மருமக மொளகாப்பொடில உப்பு சேக்கறதுலேர்ந்து மகன் மாமியா வீட்டுக்குக் குடி போனது வரைக்கும் வந்துட்டு, முறுக்குத் தட்ட நவுத்தி வெச்சுக்கிட்டே, அந்தக் காவேரிப் புள்ளையத் தெரியுமில்ல உனக்கு, சன்னலோரம் ஒக்காருமே, மே மாச லீவுல கெணத்துல விழுந்துருச்சும்மா, தாய்மாமனுக்குக் கட்டறதா இருந்தாங்க, தாலியெல்லாம் வாங்கி வெச்சாச்சு, என்ன நெனச்சுதோ போன்னாங்க. சொல்லிட்டு இன்னொரு முறுக்கு எடுத்துக்கம்மான்னாங்க. தமயந்தி எடுத்துக்கிட்டா. அதுதான் இன்னிக்கு வரைக்கும் அவளுக்கு வெளங்கல. கெணறுன்னு காதுல விழுந்த நொடியில அவளுக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு, எந்த நாளு, எந்தப் பதிவு, எந்தப் பக்கம்னு மொத்தமும் தெரிஞ்சு போச்சு, ஆனா கை முறுக்க எடுத்துச்சு, வாயி மென்னுச்சு. மருமக சரியில்லாததுக்கு உச்சுக் கொட்டிக்கூட வெச்சா.

அந்தப் பதிவு எப்பிடின்னா, மொதல்ல ஜெபமணி டீச்சர் குரல். டுமாரோ ஐ வில் கோ டு த மார்க்கெட். வகுப்பு மொத்தமும் பின்னாலயே, டுமாரோ ஐ வில் கோ டு த மார்க்கெட். மறுபடியும் டீச்சர், மறுபடியும் வகுப்பு. நாளைக்குச் சந்தைக்குப் போவேன், நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போவேன், நாளைக்கு ஊருக்குப் போவேன், போறதுக்கு மட்டுந்தான் அன்னிக்குப் பாடம். அந்தச் சத்தத்துக்கு அடியில, ரிக்கார்டருக்குக் கிட்ட, ஒரு சின்னக் குரல் பக்கத்துல இருக்கற சுகந்திகிட்டப் பேசுது. பரீட்ச முடிஞ்சதும் மாமனுக்குக் கட்டி வெக்கறாங்களாம் என்னைய. சுகந்தி எதோ கேக்கறா, அது வெளங்கல. அப்புறம் காவேரி சொல்றா, அம்மாகிட்டச் சொன்னேன், கட்டி வெச்சீன்னா கெணத்துல விழுந்துருவேன்னு. விழுறவ சொல்லிட்டு விழமாட்டா, போயி மாட்டுக்குத் தண்ணி வைய்யின்னுச்சு. அதுக்கப்புறம் நாலு விநாடி ஒண்ணுமில்ல. அப்புறம் வகுப்பு, டுமாரோ ஐ வில் கோ டு ஸ்கூல். அதுல காவேரி குரலும் சேந்துக்குது. தெளிவாக் கேக்குது. ஸ்கூல்னு சொல்ல வராது அவளுக்கு, இஸ்கூலுங்கும். அவ்வளவுதான் பதிவு.

அத எத்தன தடவ கேட்டிருப்பா தமயந்தி. அடுப்புல சோறு கொதிக்கக் கொதிக்க, காதுல ஒயர மாட்டிக்கிட்டு, ஒரு துண்டு ஓட விட்டு, நிறுத்தி, எழுதி, பின்னாடி இழுத்து, மறுபடி ஓட விட்டு. ஒரு நிமிசப் பேச்சு எழுத ஒரு பொழுது ஆவும். எங்க இழுக்கறா, எங்க நிறுத்தறா, எங்க ரெண்டு பேர் குரலும் ஒண்ணு மேல ஒண்ணு விழுது, எல்லாத்துக்கும் ஒரு குறி உண்டு. அந்த நாலு விநாடிக்கும் குறி போட்டா. ஒரு நாள் ஒயர் கெட்டுப் போச்சுன்னு சத்தமா வெச்சுக் கேட்டுக்கிட்டு இருந்தா, அவ வீட்டுக்காரரு பிரபாகர் ஷேவிங் பண்ணிக்கிட்டே, அது என்னம்மா கெணறு கெணறுங்குதுன்னு கேட்டாரு. அது டேட்டாங்கன்னா. அவரும் சரின்னு மொகத்தக் கழுவிக்கிட்டு ஆபீசுக்குப் போயிட்டாரு. அவரச் சொல்லி என்ன, வீட்ல ஒருத்தி ஏழு வருசமா டேட்டா டேட்டான்னா எந்த ஆம்பளையும் மொகத்தத்தான் கழுவுவான். மாமியாக்காரிதான் விடமாட்டா, செத்தவங்க பேசற மாதிரி வீட்ல எந்நேரமும் என்னடி குரலுங்குவா, அப்ப அந்தப் புள்ள சாகல, உசுரோட இருந்துச்சு, பங்குனி மாசம், இன்னும் ரெண்டு மாசம் இருந்துச்சு. அந்த ரெண்டு மாசமும் தமயந்தி என்ன பண்ணினான்னா அந்தப் பேச்சுக்கு ஒரு பேர் தேடிக்கிட்டு இருந்தா. ஒவ்வொரு பேச்சையும் ஒரு கூடையில போடணும். பாடம் புரியலன்னு தமிழ்ல கேட்டா ஒரு கூட. கூட்டாளிக்கு அர்த்தம் சொன்னா ஒரு கூட. டீச்சர கேலி பண்ணினா ஒரு கூட. இது எதுலயும் சேரல. கடைசில பாடத்துக்குப் புறம்பான பேச்சுன்னு ஒரு கூட இருந்துச்சு, பென்சில் கேக்கறது, பசிக்குதுங்கறது, ஜன்னலுக்கு வெளிய ஆடு போறதச் சொல்றது, எல்லாம் அதுல கெடந்துச்சு. அதுல போட்டா. அதுல போட்டதோட விட்டாளா, அதான் இல்ல. ரெண்டு பக்கத்துக்குப் பாராட்டி எழுதி வெச்சா. இங்கிலீஷ்ல மூணு வார்த்தைய சேத்துச் சொல்ல வராத மாணவி ஏழு, தாய்மொழிக்கு மாறினதும் என்ன செய்யறா பாருங்க, நடந்ததச் சொல்றா, நடக்கப் போறதச் சொல்றா, இப்பிடிச் செஞ்சா அப்பிடிச் செய்வேன்னு நிபந்தன போடறா, தான் சொன்னதையும் அம்மா சொன்னதையும் அவங்கவங்க குரல்லயே எடுத்து வெக்கறா, பேச்சுக்குள்ள பேச்ச வெக்கறா, எவ்வளவு பெரிய மொழித்திறம நம்ம வகுப்புல கவனிப்பாரில்லாமக் கெடக்குதுன்னு எழுதினா. கண்ணு கலங்கித்தான் எழுதினா. அந்தப் புள்ள எப்பிடிச் சொன்னான்னுதான் கேட்டா அவ, என்ன சொன்னான்னு கேக்கவே இல்ல. காதுல விழுந்துச்சு, கையில எழுதினா, ஒரு எழுத்துப் பெசகாம எழுதினா.

பக்கத்து பெஞ்சுல ஒரு கொழந்த பிஸ்கட்டக் கீழ போட்டுட்டு அழுதுச்சு. அதோட அம்மா சும்மாரு சும்மாருன்னு முதுகுல தட்டினா, தட்டறதுக்கு ஏத்த மாதிரி அழுக வெட்டி வெட்டி வந்துச்சு. தமயந்தி எந்திரிச்சுப் போயி பேக்குலேர்ந்து ஒரு பிஸ்கட் எடுத்துக் குடுத்தா. சாருக்குன்னு வாங்கி வெச்ச பிஸ்கட். இப்பெல்லாம் அவளுக்கு அப்பிடி ஆயிடுச்சு, யார் அழுதாலும் எந்திரிச்சுப் போயிடறா. அவ பாடம் எடுக்கற காலேஜ்ல ஒரு பொண்ணு தலவலின்னு மேசைல கவுந்து படுத்திருந்தா, வகுப்ப நிறுத்திட்டு, என்ன கண்ணு, வீட்ல ஏதாவதான்னு கேட்டு, அந்தப் பொண்ணு எல்லாரும் பாக்கறாங்க மேடம்னு கோவிச்சுக்கிட்டுது. இப்பக் கேட்டு என்ன. வசுந்தரா மேடம்கிட்டச் சொல்லிப் பாத்தா, முழுசாச் சொல்லல, பாதியச் சொன்னா. மேடம், நம்ம மாணவி ஏழு தவறிட்டாங்கன்னு. அவங்க கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க. ஐயோ பாவம்னாங்க, நெசமாத்தான் சொன்னாங்க, அவங்களும் ரெண்டு பொண்ணப் பெத்தவங்க. அப்புறம், அது நம்ம ஆய்வோட எல்லைக்குள்ள வராதேம்மா, பேரெல்லாம் எடுத்தாச்சில்லன்னாங்க. எடுத்தாச்சு மேடம்னா. அப்ப சரி, ஆனா அந்த ஆடியோவ மட்டும் வைவாவுல போட்டுக் காட்டு, படிச்சுக் காட்டறத விடக் குரலாக் கேட்டா ஹாலே நிமுந்து ஒக்காரும்னாங்க. தல ஆட்டிட்டு வந்துட்டா.

அந்தச் சமயத்துலதான் மாதம்மா ஃபோன் பண்ண ஆரம்பிச்சது. ஜெபமணி டீச்சர்தான் நம்பர் குடுத்தது, நல்லது பண்றதா நெனச்சுக்கிட்டு. உம்மக கொரல் அந்த மேடத்துக்கிட்ட இருக்குது மாதம்மா, மூணு மாசம் புடிச்சு வெச்சிருக்காங்கன்னு சொல்லிட்டாங்க. போட்டோ இருக்குதுங்க மேடம், கொரல்தான் எங்கயும் இல்லன்னா மாதம்மா. திருவிழாவுல புடிச்சது, ஆதார் கார்டுக்குப் புடிச்சது, எல்லாம் இருக்குது, எதுவும் பேச மாட்டேங்குது. எனக்கு அவ கொரல் மறந்து மறந்து போவுது மேடம், காலைல எந்திரிச்சா சுத்தமா இல்ல, சாயங்காலம் எதாச்சும் ஒரு புள்ள கத்தினா திரும்ப வருது. தமயந்தி பாக்கறேன்மான்னா. அடுத்த தடவ கம்ப்யூட்டர் ரிப்பேருன்னா. அதுக்கடுத்த தடவ விதிமுறைல எடமில்லன்னா, அதென்னமோ நெசந்தான், அந்தக் குரல யாருக்கும் தரக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கா, பெத்தவங்க கையெழுத்தும் வாங்கியிருக்கா, மாதம்மாவோட கட்டைவெரல் ரேகையும் அதுல இருக்குது. மாதம்மா கோவிச்சுக்கல. வெதிமொற இருந்தா என்னங்க பண்ண முடியும்னா. அப்புறம் போன வாரம், இந்த மாதிரி ஒரு கூட்டம் நடக்குதாம் மேடம், யார் வேணா வரலாமாம், டீச்சர் சொன்னாங்க, நா வரட்டுங்களான்னு கேட்டா. வைவாவுக்கு யாரு வேணா வரலாம்தான், நோட்டீஸ்லயே போட்டிருக்கு, அனைவரும் வருக. ஆனா யாரும் வரமாட்டாங்க, கேண்டீன்ல வடை போடறாங்கன்னா மட்டும் ஜூனியர் பசங்க வருவாங்க. மாதம்மா சொன்னா, நா சத்தம் போட மாட்டேன் மேடம், அழுவ மாட்டேன், பின்னால செவுத்தோட செவுரா ஒக்காந்துக்கறேன்.

செவுத்தோட செவுரா. அந்த வார்த்தைய யாரு சொல்லிக் குடுத்தது அவளுக்கு. யாரும் சொல்லிக் குடுக்கல, எல்லாரும் சொல்றதுதான், ஆனா தமயந்திக்கு அன்னிக்குலேர்ந்து சோறு எறங்கல. நேத்து சாயங்காலம் அந்தப் பதிவ வெட்டினா. அம்மாகிட்டச் சொன்னேன்லேர்ந்து தண்ணி வைய்யின்னுச்சு வரைக்கும் எடுத்துட்டு, முன்னாடியும் பின்னாடியும் ஒட்ட வெச்சா. ஒட்டுப் போட்டது தெரியவே இல்ல. மாமனுக்குக் கட்டி வெக்கறாங்களாம் என்னைய, அப்புறம் நேரா டுமாரோ ஐ வில் கோ டு ஸ்கூல். என்னவோ அடுத்த நாள் பள்ளிக்கூடம் போற புள்ள மாதிரி இருந்துச்சு. பதிவ வெட்டறதுங்கறது அவங்க தொழில்ல கொலபாதகம் மாதிரி, தெரிஞ்சா தீசிஸே போச்சு, வேலையும் போச்சு. இருந்தாலும் வெட்டினா. இப்ப பென் டிரைவ்ல ரெண்டும் கெடக்குது, வெட்டினதும் வெட்டாததும். வெட்டாததப் போட்டா பெத்தவ அந்த ஹால்ல ஒக்காந்து தான் சொன்னத தம்மக வாயால கேக்கணும், அதுவும் நாலு கோட்டுப் போட்டவங்க நல்ல டேட்டான்னு தல ஆட்டறப்ப. வெட்டினதப் போட்டா மாதம்மா தப்பிச்சுக்குவா. மாதம்மாவுக்காகத்தான் வெட்டினேன்னு தமயந்தி தனக்குத்தானே சொல்லிக்கிட்டா, பஸ்ல வர்றப்ப சொன்னா, பொன்னாட வாங்கறப்ப சொன்னா, நாலு ரோடு சிக்னல்ல நிக்கறப்ப சொன்னா. ஆனா கெணறுங்கற அந்த வார்த்த போயிட்டா வேற யாரு தப்பிச்சுக்குவாங்கறது அவளுக்குத் தெரியாமலா இருக்கு. தீசிஸ்ல எழுத்தா இருக்கறத யாரும் உத்துப் படிக்க மாட்டாங்க, கெணறுன்னு குரலாக் கேட்டா யாராவது ஒருத்தர் கேப்பாங்க, இது நீங்க பதிவு பண்ணின நாள் என்ன, அந்தப் புள்ள செத்த நாள் என்ன, நடுவுல என்ன பண்ணினீங்கன்னு. ஒருத்தரும் கேக்கலன்னாலும் கேட்ட மாதிரி ஆயிடும்.

மைக்குப் பொம்பள மறுபடி வந்தா. வண்டி இன்னும் கொஞ்ச நேரத்துல வருமாம். ஜனங்க எந்திரிச்சு மூட்டையத் தூக்குச்சு. தமயந்தி பொன்னாடையும் பையுமா எந்திரிச்சா, வரவேணாம் வரவேணாம்னு வெச்சிருந்த நெனப்பு ஒண்ணும் கூடவே வந்துச்சு. ஒரு நாள் வகுப்பு முடிஞ்சு ஜன்னல் கட்டையிலேர்ந்து ரிக்கார்டர எடுத்துக்கிட்டு இருந்தா. காவேரி மட்டும் பையக் கட்டற மாதிரி நின்னுக்கிட்டு இருந்துச்சு. நெத்தில சாந்துப்பொட்டு, வேர்வையில ஒரு பக்கமா எறங்கியிருந்துச்சு. மிஸ், இத யாரு கேப்பாங்க மிஸ்னு கேட்டுச்சு. நான் மட்டுந்தாம்பான்னா தமயந்தி. வேற யாரும் கேக்க மாட்டாங்களா. மாட்டாங்க, நான் மட்டுந்தான். எல்லாத்தையுமா கேப்பீங்க. எல்லாத்தையும் கேப்பேன், ஒரு வார்த்த விடமாட்டேன். சரிங்க மிஸ்னுட்டுப் போயிடுச்சு. அது எந்த நாளுன்னு தமயந்தி யோசிக்காம இருக்கப் பாத்தா. புள்ளைங்க ரிக்கார்டர மறந்த நாளுக்கு முன்னாடியா, பின்னாடியா. அந்தப் பேச்சுக்கு முன்னாடியா, பின்னாடியா. முன்னாடின்னா, அந்தப் புள்ள சுகந்திகிட்டப் பேசல, தமயந்திகிட்டத்தான் பேசியிருக்கு. சன்னலோரம் எடத்த யாருக்கும் விடாம தெனம் ஒக்காந்துச்சே, ரிக்கார்டருக்குக் கிட்ட. வகுப்பே மறந்துச்சு, அது மட்டும் மறக்கல. முன்னாடிதான். அவளுக்குத் தெரியும், முன்னாடிதான். அந்த நாலு விநாடி காவேரி என்ன பண்ணுச்சுன்னா, திரும்பிக் கடைசி பெஞ்சப் பாத்துச்சு. தமயந்தி நேராப் பாத்தா அத. செவுரு மாதிரி பாத்தா.

வண்டி வந்து நின்னுச்சு. ஏசிப் பெட்டிலேர்ந்து தேவசகாயம் சார் எறங்கினாரு, ஒல்லியா, கழுத்துல மஃப்ளரு, கையில அவளோட தீசிஸ், அட்டையெல்லாம் மடிஞ்சு போயிருந்துச்சு, நெசமாவே படிச்சிருக்காரு. நல்ல மனுசன். பொட்டியக் குடுங்க சார்னா, குடுக்கல, சக்கரம் இருக்கும்மா அதுவே வரும்னாரு. ஏம்மா நீங்க வந்தீங்க, நானே ஆட்டோ புடிச்சு வந்திருப்பேனேன்னாரு. வண்டில தூங்கவே இல்ல, ஒங்க மாணவி ஏழுதான் கூட வந்தாள்னு சொல்லிச் சிரிச்சாரு. அந்த ரெண்டு பக்கந்தாம்மா இந்த தீசிஸுக்கு உசுரு, பேச்சுக்குள்ள பேச்சுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்க நிறுத்திட்டு சன்னல் வெளியவே பாத்துக்கிட்டு இருந்தேன்னாரு. அந்தப் பொண்ணு இப்ப என்ன படிக்குதுன்னு கேட்டாரு.

"அவ இல்ல சார்."

"ஸ்கூல் மாத்திட்டாங்களா?"

"செத்துப் போயிட்டா சார். அதுல சொன்ன மாதிரியே."

பொட்டிச் சக்கரம் நின்னுச்சு. அவரு மஃப்ளர அவுத்தாரு, மறுபடி சுத்தினாரு. தீசிஸ ஒரு கையிலேர்ந்து இன்னொரு கைக்கு மாத்தினாரு. தாழ்ந்த குரல்ல, அன்பாத்தான் சொன்னாரு.

"அங்க வந்து அதச் சொல்லாதீங்கம்மா. பட்டம் வாங்கற நாளு."

தமயந்தி சரின்னு தல ஆட்ட இருந்தா, பழக்கம், ஆடியே போயிருக்கும், அதுக்குள்ள அவருக்குப் பின்னால, கடைசிப் பொதுப் பெட்டிப் பக்கத்துலேர்ந்து ஒரு பொம்பள நடந்து வர்றது தெரிஞ்சுது. நரச்ச தல, வயசு அம்பதுகூட இருக்காது. ஊதா கலர் சேல, மடிப்புக் கலையாம, கல்யாணத்துக்குக் கட்டற மாதிரி கட்டியிருந்துச்சு. கையில மஞ்சப்பை. ஒவ்வொரு மொகமாப் பாத்துக்கிட்டே வந்துச்சு. இந்த வண்டி மொரப்பூர்ல நிக்குங்கறத தமயந்தி யோசிக்கவே இல்ல, பஸ்ல வருவான்னு நெனச்சிருந்தா, இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குன்னு நெனச்சிருந்தா. பொன்னாடையும் பையுமா நிக்கறவளப் பாத்ததும் அந்தப் பொம்பளைக்குத் தெரிஞ்சு போச்சு.

"மேடமுங்களா? நாந்தான் மாதம்மா."

காவேரி குரலேதான். வயசான காவேரி, அவ்வளவுதான். மறந்து மறந்து போவுதுன்னாளே, தன் தொண்டையிலயே இருக்கறது தெரியாம. தமயந்தி வாங்கன்னா, சாப்டீங்களான்னா, இவரு சென்னைலேர்ந்து வர்ற சார்னா. அவரு கும்புட்டாரு. மாதம்மாவும் கும்புட்டா. அப்புறம் கொஞ்சம் தள்ளி வந்து, தமயந்தி மொகத்தப் பாக்காம, மஞ்சப்பைக் காத முறுக்கிக்கிட்டே கேட்டா, அவ என்ன பேசறா மேடம் அதுல. பாடம் சொல்றாங்க, இங்கிலீஷ்லன்னா தமயந்தி. இங்கிலீஷ்ல என்னன்னு. நாளைக்குச் சந்தைக்குப் போவேன்னு. சந்தைக்கா, கூப்புட்டா வரமாட்டாளே, அடம் புடிப்பாளேன்னா மாதம்மா, சிரிச்ச மாதிரிகூட இருந்துச்சு. அப்புறம் நிமுந்து பாத்தா.

"உங்களப் பத்தி வீட்ல சொல்லுவா மேடம். அந்த மிஸ் எல்லாத்தையும் கேப்பாங்கம்மா, ஒரு வார்த்த விடமாட்டாங்கன்னு. எங்கிட்ட ஒண்ணு சொன்னா அவ. நா நம்பல, மாட்டுக்குத் தண்ணி வைய்யின்னுட்டேன். ஊர்ல யாருக்கும் தெரியாது. அத உங்ககிட்டயும் சொன்னாளா? அதக் கேக்கத்தான் வந்தேன்."

அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல. வண்டி சேலத்துல கொஞ்ச நேரம் நிக்கும், நின்னுச்சு. தமயந்திக்குத் தலைக்குள்ள பழகின ஒண்ணு தானா எண்ண ஆரம்பிச்சுது, ஒண்ணு, ரெண்டு, மூணு, அத நிறுத்தத் தெரியல அவளுக்கு. மாதம்மா காத்துக்கிட்டு இருந்தா. அவசரப்படுத்தல, வார்த்தைய எடுத்துக் குடுக்கல, பதில் சொல்ற வரைக்கும் விட்டுட்டுச் சும்மா நின்னா. அந்தப் பக்கம் தேவசகாயம் சார் வாட்சப் பாத்தாரு. பதினோரு மணிக்கு ஹால்ல வசுந்தரா மேடம் பூச்செண்டோட நிப்பாங்க. வெங்காயமில்லாத சாம்பாரு கொதிச்சுக்கிட்டு இருக்கும். இல்லம்மான்னு ஒரு வார்த்த, அவ்வளவு போதும், எல்லாம் அதது எடத்துல இருக்கும், மாதம்மா மட்டும் ஊருக்குத் திரும்பிப் போவா, தனக்கு மட்டுந்தான் மக சொன்னான்னு நெனச்சுக்கிட்டு, சாகற வரைக்கும்.

"சொன்னா. எனக்குக் கேட்டுச்சு."

மாதம்மா திட்டல, அழல. கேட்டுச்சுங்களான்னா. கிட்ட இருந்த பெஞ்சுல ஒக்காந்தா. ஒக்காந்து, தமயந்தி கையில இருந்த பொன்னாடைய வாங்கி அந்தப் பக்கமா வெச்சு எடம் பண்ணினா. ஒக்காருங்க மேடம், எனக்கும் போட்டுக் காட்டுங்கன்னா. சார் அந்தப் பக்கத்துலேர்ந்து, அம்மா நேரமாகுதேன்னாரு. தமயந்திக்குக் காதுல விழுந்துச்சு. லேப்டாப்ப மடியில வெச்சுத் தொறந்து பென் டிரைவச் சொருகினா. ரெண்டு ஃபைல் இருந்துச்சு. வெட்டாதத எடுத்தா, ஒயரோட ஒரு முனைய மாதம்மா காதுல வெச்சா, இன்னொரு முனையத் தன் காதுல வெச்சுக்கிட்டா, பேனாவுக்குப் போற கைய மடக்கி வெச்சுக்கிட்டா. மொதல்ல டீச்சர் குரல்தான் வந்துச்சு. மாதம்மா கண்ண மூடிக்கிட்டு, எங்க எங்கன்னா. இருங்கம்மா, இப்ப வருவான்னா தமயந்தி.